பிலவேந்திரன் சும்மா உட்கார்ந்திருந்த மூன்று வருஷம்

கம்பத்தில் சங்கரலிங்கம் முதலாளியின் பழமண்டியில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். முதலில் திராட்சை தரம் பிரிக்கிற வேலை. கண் மங்கின பிறகு ஆபீசைக் கூட்டித் துடைக்கிற வேலை. புருஷன் செத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, குடித்தான், போனான். நான் சொல்ல வந்தது பிலவேந்திரனைப் பற்றி. அந்த மண்டியில் கம்ப்யூட்டர் லைனைப் பார்த்துக்கொண்டவன். அவன் வேலை போனது என் வாயால். வேறு யாரும் இதைச் சொல்லப்போவதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்றில் வந்து சேர்ந்தான். ராயப்பன்பட்டிப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். கம்பு மாதிரி உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அப்போதே மண்டிக்குக் கூடலூர், தேனி, குமுளி என்று மூன்று கிளை. கூடலூர் ரோட்டில் திராட்சை வைக்கிற குளிர்க்கிடங்கு ஒன்று. காலையில் இங்கே விலை போட்டால் நாலு இடத்திலும் திரையில் தெரிய வேண்டும். தேனிக்கும் குமுளிக்கும் டெலிபோன் லைன். கூடலூருக்கும் கிடங்குக்கும் மொட்டை மாடியில் ஆண்டெனா, ஒன்றை ஒன்று பார்த்தபடி. ஆடிக் காற்று அடித்தால் அது கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

லைன் போனால் கிளையிலிருந்து போன் வரும். பிலவேந்திரன் டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டு ஓடுவான். ஒரு தடவை கொட்டுகிற மழையில் குமுளி மலை ஏறிப் போய்ப் பார்த்தால், அங்கே எவனோ செல்போனுக்குச் சார்ஜ் போட மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தான். அன்றைக்கு நனைந்த கோழியாக வந்து நின்றவனுக்கு முதலாளியே தன் கையால் டீ கொடுத்தார். "ஓடுறான்யா பய" என்று எல்லாரும் சொன்னோம். எங்கள் மண்டியில் அதைவிடப் பெரிய பேர் கிடையாது.

இரண்டு வருஷம் ஓடினான். அப்புறம் முதலாளியிடம் போய், இந்த மிஷின்களையெல்லாம் ஒரே இடத்தில் இருந்து கவனிக்கிற சாப்ட்வேர் ஒன்று வாங்க வேண்டும் என்று கேட்டான். எது படுக்கும், எது படுக்கப்போகிறது என்று அது முன்னாலேயே சொல்லுமாம். முதலாளி சரி என்றார். இவன் உடனே கடைக்குப் போய் வாங்கியிருக்க வேண்டியதுதானே? மாட்டான். நீள நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு மாசம் எல்லாக் கட்டடத்திலும் அலைந்தான். எந்த மிஷின் எங்கே இருக்கிறது, அதற்கு வயர் எங்கேயிருந்து வருகிறது, அது நின்றால் யார் வேலை நிற்கும், எல்லாம் எழுதினான். என்னிடமும் வந்தான்.

"ஆத்தா, நீங்கதான் காலையில மொதல்ல வாரீக. கரண்டு எந்நேரம் போகுது, எந்நேரம் வருது?"

"என்னலே, கல்யாணத்துக்குச் சாமான் லிஸ்டு போடுற மாதிரி எழுதுற?"

"பொண்ணு யாருன்னே தெரியாம மாப்பிள்ளை பாக்க முடியுமா ஆத்தா? நம்மகிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு ஏத்த சாப்ட்வேர் எதுன்னு தெரியும்."

"பொண்ணு முப்பது மிஷினாச் செதறிக் கெடக்கு, மாப்பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் கட்டிக் குடுப்ப?" என்றேன். சிரித்தான். கரண்டு போகிற நேரத்தை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தன் டை கட்டிக்கொண்டு வந்தான். சுவரில் படம் காட்டினான். பத்தாயிரம் மிஷினைக்கூட அவன் சாப்ட்வேர் கட்டி மேய்க்குமாம். முதலாளியின் மைத்துனன் பொன்னுராஜ் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிலவேந்திரன் ஒன்றுதான் கேட்டான்.

"கூடலூர் லைன் போச்சுன்னா எனக்கு எத்தனை சேதி வரும் சார்?"

"அங்க இருக்கிற ஒவ்வொரு மிஷினுக்கும் ஒண்ணு. ஆறு மிஷின்னா ஆறு, லைனுக்கு ஒண்ணு, ஆண்டெனாவுக்கு ஒண்ணு. எட்டு எஸ்எம்எஸ் சார், அதே செகண்டுல!"

"எனக்கு ஒண்ணு போதும் சார்" என்றான் இவன். "மடைய அடைச்சுட்டா கீழ இருக்குற அம்புட்டு வயலும் காயும். வயலுக்கு ஒரு ஆளு வந்து காயுது காயுதுன்னு கத்துனா, நான் மடைக்குப் போவனா, அவுகளுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருப்பனா?"

கோயம்புத்தூர்க்காரனுக்கு மடை என்றால் என்னவென்றே தெரியவில்லை.

அப்படியும் அவனை விரட்டவில்லை. அந்தச் சாப்ட்வேரையும், தான் பார்த்து வைத்திருந்த சின்னது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு மாசம் ஓடவிட்டான். எது எத்தனை தடவை கத்துகிறது, அதில் எத்தனை உண்மை என்று நோட்டில் கோடு போட்டான். பெரியது நாள் முழுக்கக் கத்தியது. சின்னதுக்குப் படம் கிடையாது, பவுசு கிடையாது. ஆனால் இவன் சொல்லிக் கொடுத்தால் கேட்டுக்கொண்டது. கடைசியில் அதைத்தான் வைத்தான். பொன்னுராஜுக்கு முகம் சுண்டிப்போனது. மாமனுக்கு வாங்கித் தரலாம் என்று நினைத்த பெரிய சாமான் வாசலோடு போய்விட்டதே.

அதற்கப்புறம் மூன்று வருஷம் மண்டியில் லைன் போனது என்ற பேச்சே இல்லை. கூடலூரில் பேட்டரி சோர்ந்து வருகிறது என்று திரையில் தெரிந்தால், மத்தியானம் சோறு தின்கிற நேரத்தில் போய் மாற்றிவிட்டு வந்துவிடுவான். யாருக்கும் தெரியாது. காலண்டர் ஒன்று மாட்டி வைத்திருந்தான். பொங்கல், வீரபாண்டித் திருவிழா, குமுளிக்காரனுக்கு ஓணம், கேரளாவில் கடையடைப்பு, எல்லாவற்றையும் வட்டம் போட்டு வைப்பான். அந்த நாளில் எந்தெந்த மிஷின் தூங்கும் என்று சாப்ட்வேருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவான். தூங்குகிறதைச் செத்தது என்று அது கத்தக் கூடாதாம்.

கம்ப்யூட்டருக்காக அவனுக்குக் கொடுத்திருந்த ஏசி ரூமைத் துடைக்கிற சாக்கில் நானும் திரையைப் பார்ப்பேன். எழுத்துத் தெரியாது, எண் தெரியும். மிஷினுக்கு ஒன்றாக முப்பது பச்சைப் புள்ளி. மூலையில் கிடங்கின் குளிர் எவ்வளவு என்று ஓர் எண். அது நிற்கவே நிற்காது. ஒன்று புள்ளி இரண்டு, ஒன்று புள்ளி ஐந்து என்று ஆடிக்கொண்டே இருக்கும். கரண்டு போனால் மெல்ல ஏறும், ஜெனரேட்டர் எடுத்ததும் இறங்கும்.

"கெடங்குல இருந்து சேதியே வரலைன்னா என்னலே பண்ணும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"செவப்பா மாறிக் கத்தும் ஆத்தா. சேதி வரலைன்னா நல்லாருக்குன்னு எடுத்துக்கக் கூடாது. துபாய்க்குப் போனவன் மூணு மாசம் போன் பண்ணலைன்னா, நல்லாத்தான் இருப்பாருன்னு பொண்டாட்டி நிம்மதியாத் தூங்குவாளா?"

நான் கேட்டேன், புரிந்தது. புரியாமல் பேசினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டாயிரத்து எட்டு ஆயுத பூஜை வந்தது. எங்கள் மண்டியில் முதலாளியின் அப்பா காலத்து ஏற்பாடு ஒன்று உண்டு. பூஜை முடிந்ததும் முதலாளி ஆளுக்கொரு துணியும் பொரியும் கொடுப்பார். பக்கத்தில் மூத்த வேலைக்காரர் நின்றுகொண்டு ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த வருஷம் அவர் பார்த்த வேலையைக் கிண்டலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் அன்றைக்குக் கோபிக்கக் கூடாது. ஆறு வருஷமாக அது இந்தச் சந்தனம்மாவின் பங்கு. துணி வாங்க வருகிறவர்களைவிட என் வாயைக் கேட்க வருகிறவர்கள் அதிகம்.

"கணக்குப்பிள்ளை வீரணன் வாராக! மூக்குக்கண்ணாடிய நெத்தியில மாட்டிக்கிட்டு வருசம் பூராத் தேடுனாக, இன்னும் கெடைக்கல!"

கூட்டம் சிரித்தது. வீரணனும் நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அடுத்து பிலவேந்திரன்.

முந்தின வாரம் தண்ணீர் டிரம்மை நகர்த்த ஒரு கை கொடு என்று அவனைக் கேட்டிருந்தேன். ரெண்டு நிமிஷம் ஆத்தா என்றான். ரெண்டு நிமிஷம் போயும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானே இழுத்தேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. அந்த எரிச்சல் இருந்தது. நான் குனிந்து குனிந்து துடைக்கிறேன், இவன் குளிரில் உட்கார்ந்திருக்கிறான் என்ற பொறாமையும் இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது?

"அடுத்து வாராரு பாருங்க ராயப்பன்பட்டி மகராசா! மூணு வருசமா ஏசி ரூம்ல பச்சப் புள்ளிக்குக் காவல் இருக்காரு. எவனாச்சும் வந்து புள்ளியக் களவாண்டுட்டுப் போயிரக் கூடாதுல்ல!"

அப்படி ஒரு சிரிப்பு அதுவரை எழுந்ததில்லை. பொன்னுராஜ் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பிலவேந்திரனும் சிரித்துக்கொண்டுதான் வேட்டியை வாங்கினான். மறுநாளிலிருந்து அவன் பேர் புள்ளிக் காவக்காரன். லாரி டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

முதலாளியும் சிரித்தார். ஆனால் அவருக்குச் சிரிப்போடு அது முடியவில்லை. பத்து நாள் கழித்து ஏசி ரூமுக்கு வந்து நின்றார். பின்னாலேயே பொன்னுராஜ். நான் தரையில் உட்கார்ந்து மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்ப்பா, இந்த மூணு மாசத்துல நீ என்ன வேலை பாத்த?"

பிலவேந்திரன் பிரிண்டரில் ஒரு தாள் எடுத்துக் கொடுத்தான். முதலாளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பழுது இல்லை, பழுது இல்லைன்னே போட்டிருக்கு. ஒண்ணுமே நடக்கலையேப்பா?"

"அதான் மொதலாளி."

"எதான்?"

அவனுக்குப் பேசத் தெரியாது. பேட்டரி, லைன், காலண்டர் என்று கோத்துச் சொல்லியிருக்கலாம். தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, இதத்தான் சந்தனம்மா அன்னைக்கே சொல்லுச்சு" என்றான் பொன்னுராஜ். "புள்ளிய யார் வேணும்னாலும் பாக்கலாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். துணியைப் பிழிந்தேன்.

காலையில் எடைமேடையில் நின்று சீட்டுப் போடு, மிச்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார் என்று சொன்னார்கள். "இத அரை நாளு பாத்தாப் பாக்காத மாதிரிதான் மொதலாளி" என்று மட்டும் சொன்னான். கார்த்திகை பிறக்கிறதுக்குள் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பினான். நீள நோட்டை மேசை மேல் வைத்துவிட்டு, "வாரேன் ஆத்தா" என்றான். "சரிப்பா" என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

பொன்னுராஜ் அந்த இடத்துக்கு வந்தான். கோயம்புத்தூர்ச் சாமானை வாங்கினான். சுவரில் பெரிய திரை. அன்றிலிருந்து அவன் செல்போன் ஓயவில்லை. கூடலூரில் ஒருத்தன் சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டரை அமர்த்தினால்கூட இங்கே கத்தும். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினான். ஓடுகிறானே என்று முதலாளிக்குச் சந்தோஷம்.

பொங்கல் வந்தது. மூன்று நாள் கிடங்குக் கதவைத் திறக்க மாட்டார்கள். பொங்கல் கழித்து விலை ஏறும் என்று ஓடைப்பட்டிப் பக்கத்து விவசாயிகள் விதையில்லாத் திராட்சையைக் கொண்டுவந்து நிறைத்திருந்தார்கள். மாட்டுப் பொங்கல் அன்று காலையில் ஆபீசைக் கூட்டப் போனேன். பொன்னுராஜ் புதுச் சட்டையோடு நாற்காலியில் இருந்தான். போன் விடாமல் கத்தியது.

"சனியன்! பொங்கலுக்கு அவனவன் மிஷின அமத்திட்டுப் போயிருக்கான். அதுக்கு இது ஒப்பாரி வைக்குது" என்று போனைத் துண்டில் சுற்றி மேசை அறைக்குள் போட்டு மூடினான்.

நான் திரையைப் பார்த்தேன். மூலையில் ஒன்று புள்ளி நாலு. கூட்டி முடித்துப் பார்த்தேன், ஒன்று புள்ளி நாலு. கரண்டு போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, திரை மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. கூடலூர் ரோட்டுக்கும் அதே கரண்டுதான். எண் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, இறங்கவில்லை. செத்தவன் கண் மாதிரி ஒரே இடத்தில் நின்றது.

இந்த ரூமைப் பற்றி நான் வாயைத் திறந்து ஒருத்தன் பிழைப்புப் போனது போதும் என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன். சொன்னால், அந்த எண்ணை எனக்குப் பார்க்கத் தெரியும் என்று ஆகிவிடும். அப்படியானால் புள்ளிக் காவல் என்று நான் பேசியது என்ன? விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் பொங்கல் தின்றேன்.

நாலாம் நாள் கதவைத் திறந்தார்கள். முதலில் வாடை வந்தது. முதல் நாளே கரண்டு போய் ஜெனரேட்டர் எடுக்காமல் விட்டிருக்கிறது. குளிர் மிஷின் நின்று, மாற்றாத பேட்டரி செத்துச் சேதி அனுப்புகிற பெட்டியும் படுத்து, கரண்டு வந்த பிறகும் இரண்டும் எழவில்லை. கடைசியாக வந்த எண்ணையே திரை மூன்று நாளாகக் காட்டிக்கொண்டிருந்தது. போனில் சேதி வராமலும் இல்லை. துண்டுக்குள் வந்த இருநூற்றுச் சொச்சத்தில் அதுவும் ஒன்று. பெட்டிகள் வேர்த்து நீர் விட்டு, காம்பு கழன்று கிடந்தது பழம். பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. பால்பாண்டி என்று ஒரு விவசாயி, குத்தகைத் தோட்டத்தின் முதல் வெட்டு அவனுக்கு. ஒரு குலையைத் தூக்கிப் பிடித்தான். பழம் பூராவும் உதிர்ந்து காம்பு மட்டும் கையில் நின்றது. அதை என்னிடம் நீட்டி, "இத என்ன தரத்துல ஆத்தா சேர்ப்ப?" என்று கேட்டான்.

முதலாளி கேட்ட நொடியில் பொன்னுராஜ் சொன்னான். "பழைய ஆண்டெனா. மாட்டுனது பிலவேந்திரன். அவன் வச்சுட்டுப் போன கோளாறு."

முதலாளி நம்பினார். வெளியிலும் சொன்னார். தேனிப் பக்கம் ஒரு மில்லில் பிலவேந்திரனைச் சேர்க்கிறதாக இருந்தார்களாம். இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அது எனக்குத் தெரிந்த அன்றைக்குத்தான் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"பிலவேந்திரன் மேல பழி போடாதீக மொதலாளி. மாட்டுப்பொங்கலன்னைக்கே அந்த நம்பரு நின்னு கெடந்துச்சு. நான் பாத்தேன். அவன் இருந்தப்ப சேதி நின்னா செவப்பாகும், கத்தும். இத யாரும் அப்படிப் பழக்கல."

முதலாளி கணக்கு நோட்டை மூடி வைத்தார். "அன்னைக்கே ஏன் சொல்லல சந்தனம்? உனக்கா வாயில்ல?"

முந்தானையை உதறி இடுப்பில் செருகினேன்.

போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அவன் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன். வாசலிலேயே அவன் பெண்டாட்டி லூர்து மேரி நின்றாள்.

"வாங்க ஆத்தா, உக்காருங்க. ஏசி எல்லாம் கெடையாது, காத்தாடிதான். எங்க வீட்ல புள்ளியும் இல்ல, காவலுக்கும் ஆளு இல்ல. பயப்படாம இருங்க."

வாங்கிக்கொண்டேன். நான் கொடுத்ததுதானே.

பிலவேந்திரன் உள்ளேயிருந்து வந்தான். டிஷ் ஆண்டெனா மாட்டிப் பிழைக்கிறான், கையெல்லாம் கீறல். குவைத்துக்கு விசா வந்துவிட்டதாம், சித்திரையில் விமானம். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

"கரண்டு போயும் நம்பரு ஏறலையா ஆத்தா?"

"ஏறலப்பா. ஆடவே இல்ல."

"பாத்தீகளா" என்றான். "அந்தக் கட்டடத்துல உங்க ஒருத்திக்குத்தான் அது தெரிஞ்சிருக்கு."

திரும்பி வர மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. விசாவுக்குக் கடன் வாங்கியாகிவிட்டது, போகத்தான் வேண்டும் என்றான். அந்த நீள நோட்டு இருக்கிறதா, கொண்டுபோகலாம் என்று கேட்டான். பொன்னுராஜ் அதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டான் என்று சொன்னேன். லூர்து மேரி எழுந்து அடுப்படிக்குள் போனாள். அவன் தன் கைக்கீறலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போய்விட்டான். இப்போது அவன் போனுக்காக லூர்து மேரி காத்திருக்கிறாள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கும் என்னைத்தான் நிற்க வைத்தார்கள். வீரணன், டிரைவர், வாட்ச்மேன், எல்லாருக்கும் ஒன்றொன்று சொன்னேன். கடைசித் துணியும் கொடுத்து முடிந்தது. கூட்டம் எழுந்திருக்கப் பார்த்தது. இருங்க என்றேன்.

"இன்னும் ஒரு ஆளு பாக்கி. பிலவேந்திரன். மூணு வருசம் இந்த மண்டியில ஒரு லைன் அறுகல, ஒரு பழம் அழுகல. ஒண்ணுமே நடக்கல. அதுதான்யா அவன் பாத்த வேல. அது தெரிஞ்சிருந்தும் நான் பேசிட்டேன்."

கிண்டல் எங்கே வருகிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். பின்வரிசையில் ஒரு டிரைவர் முதலில் சிரித்தான். அப்புறம் மண்டியே சிரித்தது. "ஒண்ணுமே நடக்கலயாம், அதுதான் வேலையாம்! ஆளு குவைத்துக்குப் போயும் ஆத்தா விடல பாரு" என்று வீரணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிண்டல் இல்லை என்று கத்தினேன். அதற்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.